அவர் பெயருக்கு வந்த முதல் காசோலை

நான் படிப்பதற்காகக் கனடாவின் ரெஜைனா நகருக்கு வந்த 2006ஆம் ஆண்டில், பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் இருந்த ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக்காரருக்கு அப்போது எண்பத்தைந்து வயது. தம்மைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த ஊரில் அதுதான் வழக்கம் என்று தெரிந்தும், என் பாட்டியைவிட மூத்த ஒருவரின் பெயர் என் வாயில் மூன்று மாதம் வரவில்லை. லேசாக இருமிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். இந்தப் பதிவில் அவரைப் பாட்டி என்றே எழுதுகிறேன். பெயரைப் பற்றிய ஒரு பதிவில் அந்தப் பெயரையே எழுதாமல் விடுவது வேடிக்கைதான். ஆனால் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அதே வட்டாரத்தில் விவசாயம் செய்கிறார்கள்.

பாட்டி 1921இல், ரெஜைனா இருக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்பகுதியில், வேபர்ன் நகருக்கு அருகில் ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தார். பத்தொன்பது வயதில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு கோதுமைப் பண்ணைக்கு மணமாகிப் போனார். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்த பிறகு நகரத்துக்கு வந்தார். தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தார். அவருடைய பொருள் என்று அந்த ரெஜைனா வீட்டில் நான் முதலில் கவனித்தது, சமையலறை அலமாரியில் வரிசையாக நின்ற பதினான்கு நாட்குறிப்புகளை. அவை ஐந்தாண்டு நாட்குறிப்புகள். ஒரு பக்கம் ஒரு தேதிக்கு உரியது. அந்தத் தேதியில் ஐந்து ஆண்டுகளில் நடந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு வரியில் எழுதிக்கொள்ளலாம். கல்யாணப் பரிசாக வந்த முதல் புத்தகத்தை 1941 ஜனவரியில் தொடங்கியிருந்தார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியது, எத்தனை முட்டை, எத்தனை ரொட்டி, யார் வந்தார்கள் என்பவைதான் அவற்றில் இருந்தன. மகிழ்ச்சி, துக்கம், கோபம் போன்ற சொற்களை நான் பார்த்த பக்கங்கள் எதிலும் காணவில்லை.

கோபம் இல்லாதவர் என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. நிலத்தைப் பற்றிய கோபம் அவருக்குள் இருந்தது. அவருடைய தாய் நார்வேக்காரர். அந்தத் தாயின் அக்கா எல்லைக்குத் தெற்கே, வடக்கு டகோட்டாவில், மணமாகாத நிலையிலேயே அரசிடம் நிலம் பெற்றவர். 1862ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அதை அனுமதித்தது. கனடாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, 1876இல் அதைத் திருத்திய பிறகு, பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் ஆணுக்கு மட்டும்தான். அந்த 160 ஏக்கரை இங்கே 'கால் செக்‌ஷன்' என்பார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, தரிசை உழுது காட்டினால் நிலம் சொந்தமாகிவிடும். பெண்ணாக இருந்தால், குடும்பத்துக்கு அவரே தலைவராக, அதாவது சிறு பிள்ளைகளோடு கணவரை இழந்தவராகவோ அந்த நிலைக்கு ஒப்பானவராகவோ இருக்க வேண்டும். ஜார்ஜினா பின்னி-கிளார்க் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்த விதியால் நிலம் பெற முடியாமல், 1905இல் ஃபோர்ட் குவாப்பெல் அருகே காசு கொடுத்துப் பண்ணை வாங்கி, பெண்களுக்கும் நிலம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடிப் பார்த்தார். சட்டம் அசையவில்லை. இந்த 'இலவச' நிலமும் யாரும் இல்லாத நிலமாக இருந்ததில்லை. தென் சஸ்காச்சுவானின் பெரும்பகுதி 1874இல் கிரீ, சால்ட்டோ முதலிய பூர்வகுடி மக்களோடு செய்துகொண்ட நான்காம் உடன்படிக்கையின் வழியாக அரசின் கைக்கு வந்தது. அந்த மக்களுக்குச் சொன்ன சொல் எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பது வேறொரு நீண்ட கதை. பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, "எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லவில்லை" என்றார். மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

பெண் என்பதால் தந்தையின் நிலத்திலும் அவருக்குப் பங்கில்லை. தம்பிகள் இருவருக்கும் ஆளுக்கொரு கால் செக்‌ஷன் கிடைத்தது. பாட்டிக்குக் கிடைத்தவை ஒரு பசுவும் ஒரு தையல் இயந்திரமும். பசு 1950 வரை இருந்தது. தையல் இயந்திரத்தை நான் பார்த்திருக்கிறேன். பேஸ்மென்ட் படிக்கட்டின் கீழே, என் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவருடைய இளமைக்காலம் முழுவதும் வறட்சிக்காலம். 1932 முடிவில் ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை நாற்பது காசுக்கும் கீழே போயிற்று. விலை மெல்ல ஏறத் தொடங்கியபோது விற்பதற்குக் கோதுமை இல்லை. 1937இல் சஸ்காச்சுவானின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, பாட்டியின் வீட்டுக்கு அருகில் உள்ள எல்லோ கிராஸ் என்னும் ஊரில் 45 டிகிரி பதிவாயிற்று. 2021 வரை கனடாவின் மிக அதிக வெப்பம் அதுதான். அன்று கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு தொழுவத்தின் நிழலில் வரிசையாகக் கிடந்ததையும், அவற்றின்மேல் தண்ணீர் தெளிக்கலாமா, அந்தத் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தாயும் தானும் வாசலில் நின்று யோசித்ததையும் பாட்டி சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. புழுதிப்புயல் வரும் நாள்களில் சன்னல்களில் ஈரத்துணி கட்டுவார்கள், நண்பகலில் விளக்கேற்றுவார்கள், மேசையில் தட்டுகளையும் கோப்பைகளையும் கவிழ்த்தே வைப்பார்கள். உணவைக் கையில் கொண்டுவந்த பிறகுதான் தட்டை நிமிர்த்துவது. அந்தப் பழக்கம் அவரை விடவேயில்லை. அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, புழுதியே இல்லாத ரெஜைனா சமையலறையில் எனக்கு முதன்முதலாக இரவு உணவு பரிமாறியபோதும் தட்டு கவிழ்ந்துதான் இருந்தது.

அந்த ஆண்டுகளில் நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து ரயில் பெட்டிகளில் நிவாரணப் பொருள்கள் வந்தன. ஆப்பிள் வந்தது, பழைய துணி வந்தது, கிழக்குக் கடற்கரையிலிருந்து உப்பிட்டுக் காயவைத்த காட் மீனும் வந்தது. கடலையே பார்த்திராத புல்வெளிக் குடும்பங்களுக்கு அந்தப் பலகை போன்ற மீனை என்ன செய்வதென்று தெரியவில்லை. கூரை ஓட்டுக்குப் பதிலாக ஆணியடித்துக்கொண்டோம் என்று சொல்லிச் சிரிப்பது இன்றும் இந்த வட்டாரத்தின் பழைய நகைச்சுவைகளில் ஒன்று. பாட்டியின் தாயோ நார்வேக்காரர். இரண்டு இரவு ஊறவைத்து, மூன்று முறை நீர் மாற்றி, உருளைக்கிழங்கோடு வேகவைத்துவிட்டார். செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் தங்கள் மீனைச் சாக்கில் கட்டி இவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மாவட்டத்திலேயே நன்றாகச் சாப்பிட்டது தாங்கள்தான் என்பது பாட்டியின் துணிபு. நான் தூத்துக்குடிக்காரன், கருவாட்டை எப்படி ஊறவைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும் என்று சொன்னேன். எங்கள் நட்பு தொடங்கியது அந்த நாளில்தான் என்று நினைக்கிறேன்.

1940 நவம்பரில், அறுவடை முடிந்த பிறகு திருமணம். பண்ணை மனைவியின் வேலை என்ன என்று இப்போதைய வாசகருக்குச் சொல்வது கடினம். எதைச் சொன்னாலும் பட்டியலாகிவிடும். அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறுவடையையும் கதிரடிப்பையும் ஒன்றாகச் செய்யும் கம்பைன் இயந்திரம் வருவதற்கு முன்பு, இலையுதிர்காலத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தோடு பதினைந்து முதல் இருபது ஆள்கள் பண்ணை பண்ணையாகப் போவார்கள். இயந்திரம் நம் வயலில் நிற்கும் நாள்களில் அத்தனை பேருக்கும் ஐந்து வேளை உணவு போட வேண்டியது அந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. விடியுமுன் காலையுணவு, பத்து மணிக்கு வயலுக்கே ரொட்டியும் காப்பியும், நண்பகலில் இறைச்சியும் கிழங்கும், மாவில் பொதிந்து சுடும் 'பை' (pie) என்ற பலகாரமும், நான்கு மணிக்கு மறுபடி வயலுக்கு, இருட்டிய பிறகு இரவுணவு. குளிர்பெட்டி கிடையாது, குழாய் கிடையாது, எஸ்தவான் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியில் எரியும் ஓர் அடுப்பு மட்டும். 1941 செப்டம்பரில் பாட்டி இதைத் தனியாகச் செய்தபோது அவருக்கு இருபது வயது. அந்த நாள்களின் குறிப்புகளில் நான் பார்த்த ஒன்று: 'ஆள்கள் 18. பை 11. அடுப்பு புகைந்தது.' கூலியாள்களுக்கு நாள் கணக்கில் சம்பளம், இயந்திரக்காரருக்குப் புஷல் கணக்கில் சம்பளம். பதினொரு பைக்குக் கணக்கு அந்தக் குறிப்போடு சரி.

பணம் அவர் வழியாக வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. காலையும் மாலையும் கறந்த பாலை, கையால் சுற்றும் இயந்திரத்தில் ஊற்றிக் கிரீமைத் தனியே பிரித்து, தகர வாளியில் ரயில் நிலையத்துக்கு அனுப்புவார்கள். அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் கிண்ணம் போன்ற மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு வளைந்த கம்பியில் கோத்து, வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒரு தட்டு இடம் மாறினாலும் கிரீம் சரியாகப் பிரியாது. கழுவுவது பாட்டி, காசோலை வருவது கணவர் பெயருக்கு. முட்டை பாட்டியுடையது என்பது ஊர் அறிந்த விஷயம். ஆனால் முட்டைக்குக் கடைக்காரர் காசு தர மாட்டார், சர்க்கரையும் காப்பித்தூளும் தந்து பற்றில் கழித்துக்கொள்வார். அந்தப் பற்றும் கணவர் பெயரில்.

1945 ஜூலையில் கனடா அரசு குழந்தைகளுக்கான மாதாந்தரப் படியை வழங்கத் தொடங்கியது. வயதைப் பொறுத்துப் பிள்ளைக்கு ஐந்து முதல் எட்டு டாலர், காசோலை தாயின் பெயரில். அப்போது பாட்டிக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இரண்டு, ஆகவே பத்து டாலர். அஞ்சலகமும் மளிகைக்கடையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கடைக்காரர் நீட்டிய உறையைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருக்கோ வந்தது என்று திருப்பிக் கொடுத்தாராம் பாட்டி. திருமணமான நாளிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் 'திருமதி' என்ற சொல்லுக்குப் பின்னால் கணவரின் பெயரே முழுமையாக இருக்கும். அந்தக் காலத்து மரியாதை அப்படி. இந்த உறையில் இருந்ததோ பள்ளி வருகைப்பதிவேட்டில் இருந்த அவருடைய சொந்தப் பெயர். "நாலரை ஆண்டுகளாக அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது பிள்ளை 1947இல், ஜனவரி 30 முதல் பிப்ரவரி 8 வரை தென் சஸ்காச்சுவானை மூடிய பெரும் பனிப்புயலின் நடுவில் பிறந்தது. ரயில்கள் பனியில் புதைந்தன, ரெஜைனாவுக்கு வரும் சாலைகள் எல்லாம் அடைபட்டன, மூஸ் ஜா பக்கத்தில் ஒரு விவசாயி பசுக்களுக்குத் தீனி போடத் தொழுவத்தின் கூரையை வெட்டி இறங்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு விந்தை என்னவென்றால், அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியில்தான் சஸ்காச்சுவான் அரசு மாகாணத்தார் அனைவருக்குமான மருத்துவமனைக் காப்பீட்டைத் தொடங்கியிருந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் கட்டி அட்டை வாங்கி, மேசையின் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அட்டை இழுப்பறையில் இருக்க, தொலைபேசிக் கம்பி அறுந்து கிடக்க, குதிரை பூட்டிய பனிவண்டியில் கணவர் போய்ப் பக்கத்துப் பண்ணைப் பெண்மணியை அழைத்துவந்தார். அந்தப் பெண்மணி உக்ரேனியர், ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். பிரசவத்துக்கு அது போதுமானதாக இருந்தது. புயல் திரும்ப மூண்டதால் ஐந்து நாள் அங்கேயே தங்கி, ரொட்டி சுட்டு, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, தன் வீட்டுப் பசுக்களை நினைத்து அழுதுகொண்டிருந்தாராம்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பண்ணைகளுக்கு மின்சாரம் வரத் தொடங்கியது. இவர்களுக்கு 1953இல் வந்தது. முதலில் முற்றத்துக்கு உயர்ந்த விளக்குக் கம்பம், பிறகு தானியக் கிடங்குக்கு மோட்டார், அதன் பிறகு குளிர்பெட்டி. பாட்டி இந்த வரிசையை ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வார். வீட்டுக்குள் குழாய் வர இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின. நான்காவது பிள்ளை, பள்ளி, கன்று, ஆலங்கட்டி, வெட்டுக்கிளி, மாமியாரின் கடைசி நோய், மகளின் திருமணம் என்று அடுத்த இருபது ஆண்டுகள் போயின.

1973 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் ஐரீன் மர்டாக் என்ற அல்பெர்ட்டாப் பெண்மணியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இருபத்தைந்து ஆண்டுத் திருமண வாழ்க்கையில், கணவர் ஆண்டுக்கு ஐந்து மாதம் வெளியூர் வேலைக்குப் போய்விட, வைக்கோல் அறுத்து, டிராக்டரும் லாரியும் ஓட்டி, மாட்டுக்கு ஊசி போட்டு, சூடு போட்டு, கொம்பு அறுத்துப் பண்ணையை நடத்தியவர் அவர். மணமுறிவின்போது நிலத்தில் பங்கு கேட்டார். எந்தப் பண்ணை மனைவியும் செய்யக்கூடிய வேலையைத்தான் இவரும் செய்திருக்கிறார், ஆகையால் நிலத்தில் உரிமை இல்லை என்ற கீழ் நீதிமன்றத்தின் பார்வையை, ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஏற்றுக்கொண்டார்கள். மாறுபட்டு எழுதியவர் போரா லாஸ்கின் ஒருவரே. சஸ்காட்டூனிலிருந்து வரும் 'வெஸ்டர்ன் புரொடியூசர்' வார இதழைப் பாட்டியின் வீட்டில் இரண்டு தலைமுறையாக வாங்கினார்கள். வயலட் மெக்நாட்டன் 1925 முதல் கால் நூற்றாண்டு அதன் பெண்கள் பக்கத்தை நடத்திய காலத்தில் பாட்டியின் தாய் அதை எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கப் பயன்படுத்தியிருக்கிறார். மர்டாக் செய்தியைப் படித்த பாட்டி, அந்தப் பக்கத்தைக் கணவரின் காப்பிக் கோப்பைக்குக் கீழே விரித்துவைத்துவிட்டு, முட்டை பொறுக்கப் போய்விட்டார்.

சஸ்காச்சுவானில் 1915ஆம் ஆண்டிலிருந்தே, குடியிருக்கும் கால் செக்‌ஷனை மனைவியின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்று சட்டம் உண்டு. அது வேண்டாம் என்று தடுக்கும் உரிமை மட்டுமே. கணவர் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "வண்டியில் ஏறு" என்றார். நகரத்தில் இருந்த வழக்கறிஞர் ஒன்றரை மணி நேரமும் கணவரைப் பார்த்தே பேசினார். நிலப் பத்திரத்தில் மனைவி பெயரைச் சேர்த்தால் வரிச் சிக்கல் வரும், அவசியமில்லை, இவர் என்ன ஓடியா போகப்போகிறார் என்று சிரித்தார். அப்போது பாட்டி கைப்பையிலிருந்து எடுத்தது நாட்குறிப்புகளில் ஒன்றை. அதில் எதையும் படித்துக் காட்டவில்லை, மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். வீடிருந்த கால் செக்‌ஷனில் அன்று அவர் பெயர் சேர்ந்தது. மற்ற ஐந்து கால் செக்‌ஷன்களில் சேரவில்லை. அவர் கணவரைப் பற்றி எனக்கு ஓரளவு நல்ல எண்ணமும், அந்த ஐந்தைப் பற்றிய உறுத்தலும் இன்றும் ஒருசேர இருக்கின்றன. 1978இல் இதே மாகாணத்துப் பண்ணை மனைவியான ஹெலன் ராத்வெல் உச்ச நீதிமன்றத்தில் பாதிப் பங்கை வென்றார். அடுத்த ஆண்டு மாகாணமே மணவாழ்க்கைச் சொத்தைப் பகிர்வதற்குச் சட்டம் செய்தது. பாட்டிக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. ஆனால் அதைப் பற்றி வந்த ஒவ்வொரு செய்தியையும் வெட்டி வைத்திருந்தார்.

மனைவிக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் செலவாகக் காட்ட வருமான வரித்துறை 1980 வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அவர் முதல் சம்பளம் வாங்கியது ஐம்பத்தொன்பதாம் வயதில். விவசாயக் கணக்கெடுப்போ, பண்ணைக்கு ஒரே ஒருவரைத்தான் நடத்துபவராக எழுதிக்கொண்டிருந்தது. 1991இல்தான் மூன்று பெயர் வரை எழுத இடம் கொடுத்தது. கணவர் இறந்து இரண்டாண்டு ஆகியிருந்த அந்த ஜூனில், படிவத்தில் மகன் முதலில் தன் பெயரையும், அடுத்து மனைவி பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போக, மருமகள் அதைப் பிடுங்கி மூன்றாம் இடத்தில் மாமியாரின் பெயரை எழுதினாராம். எழுபது வயதில் அறுவடைக்குத் தானிய லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் அரசுக் கணக்கில் விவசாயி ஆனார். 1996ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதன்முறையாக வீட்டு வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டது. அந்தக் கேள்வி வருவதற்கு, 1991இல் படிவத்தை நிரப்ப மறுத்த கேரல் லீஸ் என்ற சஸ்காட்டூன் இல்லத்தரசி ஒரு முக்கியக் காரணம். 'அறுபது மணிக்கு மேல்' என்று ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்த பாட்டி, "1948இல் வந்து கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே அதற்குக் கீழான ஒன்றில் நேர்மையாகக் குறியிட்டார்.

அவர் 2016 ஜனவரியில் இறந்தார். நான் அந்த வீட்டை விட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேபர்னில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், எல்லாச் சாவுக்கும் நடப்பதுபோல், ஊர்ப் பெண்கள் முட்டை சான்ட்விச்சும் ஊறுகாயும் காப்பியும் வைத்திருந்தார்கள். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைப்பையில் அந்த முதல் நாட்குறிப்பு இருந்தது. அட்டை பிய்ந்து, நாடாவால் கட்டியிருந்தது. காசோலை வந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஜூலை மாதத்தில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1941: 'வெயில். அம்மா வந்தார்.' 1942: 'பட்டாணி பறித்தேன். ரொட்டி 6.' 1943: 'ஆலங்கட்டி. கிழக்கு வயல் போயிற்று.' 1944: 'துணி துவைத்தேன். முட்டை 31.' பக்கத்தின் அடியில், 1945: 'தென்கிழக்குக் காற்று. ரொட்டி 8. பத்து டாலர்.'